எண்ணிக்கை முடிந்தது, கணக்கு தீரவில்லை!

2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ந் தேதி. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் பகல் மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பாராளுமன்றக் கட்டிடத்தின் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் உள்ளே பாய்ந்தது. செனட் சபை அங்கத்தினர்களைப் போலீசார் அவசரம் அவசரமாக வெளியே அழைத்துச் சென்றனர்.

உயிர் தப்பினால் போதும் என்று எல்லோரும் ஓடிய அந்த வேளையில், சபையின் சிப்பந்திகள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். அங்கே இருந்த தோல் பட்டை போட்ட மரப்பெட்டிகளையும் கையோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெட்டிக்குள் பணமும் இல்லை, தங்கமும் இல்லை. வெறும் காகிதம்தான். ஆனால் அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதி யார் என்பது அந்தக் காகிதங்களில்தான் இருந்தது. 50 மாநிலங்களும் தலைநகரப் பகுதியும் கையெழுத்திட்டு, முத்திரை வைத்து அனுப்பிய சான்றிதழ்கள் அவை. அன்று இரவு சபை மறுபடியும் கூடியபோது அதே பெட்டிகள் திரும்பி வந்தன. விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கை தொடர்ந்தது.

அந்த ஒரு நாளின் கலகம் சில மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

தகராறு எப்படி வந்தது?

அமெரிக்காவில் ஜனங்கள் போடும் ஓட்டு நேராக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று தேர்வாளர்கள் உண்டு. மொத்தம் 538 பேர். 270 தேர்வாளர்களின் ஆதரவைப் பெறுபவர் ஜனாதிபதி ஆகிறார். பெரும்பாலான மாநிலங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்ச் சேருவார்கள்.

நம் நாட்டைப் போல, தேர்தலை நடத்த நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் கமிஷன் அங்கே கிடையாது. அந்தந்த மாநிலம் தன் சட்டப்படி நடத்துகிறது. மாநிலத்துக்குள் ‘கவுண்டி’ என்று சொல்லப்படும் ஜில்லா ஆபீசுகளில்தான் வேலை நடக்கிறது. ஓட்டுச் சீட்டை அனுப்புவது, வாங்குவது, சரிபார்ப்பது, எண்ணுவது, கூட்டிப் போடுவது எல்லாம் குமாஸ்தாக்களும் தற்காலிகச் சிப்பந்திகளும் செய்யும் வேலை.

2020-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி தேர்தல் நடந்தபோது கொரோனா காலம். கோடிக்கணக்கானவர்கள் தபால் மூலம் ஓட்டுப் போட்டார்கள். பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில், தேர்தல் நாளுக்கு முன்னால் தபால் கவர்களைப் பிரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. எனவே அந்த ஓட்டுகள் பிந்தியே எண்ணப்பட்டன. தபாலில் ஓட்டுப் போட்டவர்களில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களே அதிகம். முதல் நாள் இரவு முன்னணியில் இருந்த ஜனாதிபதி டிரம்ப், சீட்டுகளை எண்ண எண்ணப் பின்தங்கினார். “இது மோசடி” என்று அன்று இரவே முழங்கினார்.

முடிவில் ஜோ பைடனுக்கு 8 கோடியே 12 லட்சம் ஓட்டுகளும், டிரம்புக்கு 7 கோடியே 42 லட்சம் ஓட்டுகளும் கிடைத்தன. தேர்வாளர் கணக்கில் பைடன் 306, டிரம்ப் 232.

தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம். அது அவருடைய உரிமை. டிரம்ப் தரப்பினர் போட்ட வழக்குகள் அறுபதுக்கும் மேல். ஏறக்குறைய எல்லாமே தோல்வி அடைந்தன. தள்ளுபடி செய்த நீதிபதிகளில் டிரம்ப் நியமித்தவர்களும் உண்டு. முடிவை மாற்றும் அளவுக்கு மோசடி எதையும் காணவில்லை என்று அவருடைய சொந்த அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார் டிசம்பர் 1-ந் தேதி கூறினார். அதன் பிறகும் டிரம்ப் விடவில்லை.

“11,780 ஓட்டு வேண்டும்”

ஜார்ஜியா மாநிலத்தில் பதிவானவை சுமார் 50 லட்சம் ஓட்டுகள். பைடன் 11,779 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். முதலில் எந்திரத்தில் எண்ணினார்கள். பிறகு எல்லாச் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். மூன்றாவதாக மறுபடியும் எந்திரத்தில் எண்ணினார்கள். மூன்று தடவையும் ஜெயித்தவர் பைடன்தான்.

2021 ஜனவரி 2-ந் தேதி, அந்த மாநிலத்தின் தேர்தல் பொறுப்பை வகித்த பிராட் ராபென்ஸ்பெர்கருக்கு டிரம்ப் டெலிபோன் செய்தார். தனக்கு 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடித்துத் தந்தால் போதும் என்றார். வித்தியாசத்தைவிட ஒரே ஒரு ஓட்டு கூடுதல்! சுமார் ஒரு மணி நேரம் நடந்த அந்தப் பேச்சு ஒலிப்பதிவாக வெளிவந்து நாடெங்கும் கேட்டது. ராபென்ஸ்பெர்கர் டிரம்பின் சொந்தக் கட்சிக்காரர். ஆனாலும், தாங்கள் வைத்திருக்கும் எண்ணிக்கைதான் சரியானது என்று சொல்லி மறுத்துவிட்டார்.

இஞ்சி மிட்டாய் செய்த வினை

மேலிடத்தில் இருந்தவருக்குக் கிடைத்தது நெருக்கடி. கீழே எண்ணிக்கை மேஜையில் இருந்தவர்களுக்கோ உயிருக்கே ஆபத்து வந்தது.

ஜார்ஜியாவின் தலைநகரான அட்லாண்டாவில், ஒரு கறுப்பினத் தாயும் மகளும் ஓட்டு எண்ணும் வேலை பார்த்தார்கள். எண்ணும் இடத்தில் இருந்த கேமராவில் அவர்கள் பதிவாகியிருந்தார்கள். தாய் மகளிடம் சிறிய பொருள் ஒன்றைக் கொடுப்பது அதில் தெரிந்தது. நியூயார்க் நகரின் முன்னாள் மேயரும் டிரம்பின் வக்கீலுமான ரூடி ஜூலியானி அதைச் சுட்டிக்காட்டி, கம்ப்யூட்டரில் செருகும் சாதனத்தைத் திருட்டுத்தனமாகக் கைமாற்றுகிறார்கள் என்று குற்றம் சாட்டினார்.

அவ்வளவுதான். மிரட்டல்கள் வந்து குவிந்தன. நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். தாய் சுமார் இரண்டு மாத காலம் சொந்த வீட்டை விட்டு வெளியேறி இருக்க வேண்டியதாயிற்று. மகளின் பாட்டி வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவர்கள் வந்து நின்றார்கள். மகள் வேலையையே விட்டுவிட்டார்.

2022 ஜூன் மாதம் பாராளுமன்ற விசாரணைக் கமிட்டியின் முன் மகள் சாட்சி சொன்னார். “அம்மா உங்களிடம் கொடுத்தது என்ன?” என்று கேட்டார்கள். இஞ்சி மிட்டாய் என்று பதில் சொன்னார்.

ஜார்ஜியா மாநில விசாரணையும் அவர்கள் மீது குற்றமில்லை என்று முடிவு கூறியது. அவர்கள் தொடர்ந்த மானநஷ்ட வழக்கில், ஜூலியானி 14 கோடியே 80 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். பின்னர் 2025-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நியூயார்க் மாநிலத்தில் ஜூலியானியின் வக்கீல் உரிமை 2024-ல் பறிக்கப்பட்டது.

கலகம் நடந்த நாள்

மாநிலங்கள் அனுப்பிய சான்றிதழ்களைப் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் கூடி எண்ணும் நாள் ஜனவரி 6. துணை ஜனாதிபதி தலைமை வகித்துப் பெட்டியைத் திறப்பது வழக்கம். சில மாநிலங்களின் சான்றிதழ்களை ஏற்கக் கூடாது என்று தன் துணை ஜனாதிபதி மைக் பென்சை டிரம்ப் வற்புறுத்தி வந்தார். தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பென்ஸ் அன்று எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார்.

அன்று நண்பகல் வெள்ளை மாளிகைக்கு அருகே டிரம்ப் பேசினார். அமைதியாகக் குரல் கொடுங்கள் என்று ஓர் இடத்தில் சொன்னார். மூர்க்கமாகப் போராடாவிட்டால் உங்களுக்கு நாடே இருக்காது என்று இன்னொரு இடத்தில் சொன்னார். அவர் பேச்சு முடிவதற்கு முன்பே பாராளுமன்றத் தடுப்பு வேலிகள் தள்ளப்பட்டன. வெளியே தூக்குமரம் ஒன்றை நட்டார்கள். “பென்சைத் தூக்கில் போடு” என்று கோஷம் எழுந்தது. சுமார் 140 போலீஸ்காரர்கள் காயம் அடைந்தார்கள். கலகக்காரர்களில் ஒரு பெண் போலீசார் சுட்டதில் உயிரிழந்தார். மாலை நாலே கால் மணிக்கு மேல்தான், வீட்டுக்குப் போங்கள் என்று டிரம்ப் வீடியோவில் சொன்னார்.

பென்ஸ் கட்டிடத்தை விட்டுப் போக மறுத்து, கீழ்த்தளத்திலேயே பாதுகாப்பில் இருந்தார். இரவு எட்டு மணிக்குச் செனட் மீண்டும் கூடியது. மறுநாள் அதிகாலை மூன்றரை மணிக்கு மேல் எண்ணிக்கை முடிந்து, பைடன் வெற்றி அறிவிக்கப்பட்டது.

யாருக்குத் தண்டனை?

ஒரு வாரத்துக்குள், ஜனவரி 13-ந் தேதி, பிரதிநிதிகள் சபை டிரம்ப் மீது குற்றம் சுமத்தியது. அவருடைய கட்சியைச் சேர்ந்த 10 பேரும் அதை ஆதரித்தார்கள். பிப்ரவரியில் செனட் சபையில் குற்றவாளி என்று 57 பேரும், இல்லை என்று 43 பேரும் ஓட்டுப் போட்டனர். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 பேர் வேண்டும். ஆகவே அவர் விடுவிக்கப்பட்டார்.

கலகத்தில் ஈடுபட்டவர்கள் மீது வழக்குகள் தொடர்ந்தன. 1,500-க்கும் அதிகமானவர்கள் மீது குற்றச்சாட்டு வந்தது. ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் அல்லது குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றார்கள். சதிக் குற்றத்துக்காக ஸ்டூவர்ட் ரோட்ஸ் என்ற தலைவருக்கு 18 ஆண்டும், என்ரிக் டாரியோ என்பவருக்கு 22 ஆண்டும் 2023-ல் சிறைத்தண்டனை கிடைத்தது.

டிரம்ப் மீது விசேஷ வக்கீல் ஜாக் ஸ்மித் 2023 ஆகஸ்டில் வழக்குத் தொடர்ந்தார். ஜார்ஜியாவிலும் டிரம்ப் உள்பட 19 பேர் மீது தனி வழக்கு வந்தது. ஆனால் ஜனாதிபதியாக இருந்தவர் அதிகாரபூர்வமாகச் செய்த காரியங்களுக்குப் பெருமளவு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று 2024 ஜூலை 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 6 நீதிபதிகள் ஒரு பக்கம், 3 நீதிபதிகள் மறு பக்கம். அந்த ஆண்டு நவம்பரில் டிரம்ப் மறுபடியும் தேர்தலில் ஜெயித்தார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி மீது வழக்கு நடத்துவதில்லை என்பது நீதித்துறையின் விதி. வழக்கு கைவிடப்பட்டது. விசாரணை நடந்திருந்தால் தண்டனை பெற்றுத்தரப் போதிய சாட்சியம் இருந்தது என்று ஸ்மித் தன் அறிக்கையில் எழுதினார். ஜார்ஜியா வழக்கும் 2025 நவம்பரில் கைவிடப்பட்டது. தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதே டிரம்பின் வாதம்.

2025 ஜனவரி 20-ந் தேதி பதவி ஏற்ற அன்றே, ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். டாரியோ விடுதலை ஆனார். ரோட்ஸ் உள்பட 14 பேரின் தண்டனை குறைக்கப்பட்டது. போலீசாரைத் தாக்கியவர்களும் வெளியே வந்தார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் அந்த மன்னிப்பை வாங்க மறுத்தார். கலகத்தில் கலந்துகொண்டதற்காக 60 நாள் சிறையில் இருந்தவர் அவர். நான் செய்தது குற்றம்தான், மன்னிப்பை ஏற்றால் அன்று காயம்பட்ட போலீசாரை அவமதித்தது போல் ஆகும் என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் யாரும் ஏற்காத பொறுப்பை அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டார்.

மீண்டும் ஒரு ஜனவரி 6

இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1876-ம் ஆண்டு தேர்தலில் ஹேய்சுக்கும் டில்டனுக்கும் தகராறு வந்து, ஒரே ஒரு தேர்வாளர் வித்தியாசத்தில், 185-க்கு 184 என்று, ஹேய்ஸ் ஜனாதிபதி ஆனார். அந்தக் குழப்பத்தைப் பார்த்து 1887-ல் எண்ணிக்கைச் சட்டம் ஒன்றைச் செய்தார்கள். அதில் இருந்த ஓட்டைகளை 2022 டிசம்பரில் அடைத்தார்கள். துணை ஜனாதிபதிக்குச் சான்றிதழைத் தள்ளும் அதிகாரம் இல்லை என்று இப்போது வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது. முன்பு சபைக்கு ஓர் அங்கத்தினர் கையெழுத்திட்டாலே ஆட்சேபம் எழுப்பலாம். இப்போது ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் சேர வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கு முதல் சோதனை 2025 ஜனவரி 6-ந் தேதி வந்தது. வாஷிங்டனில் அன்று பனி கொட்டியது. தலைமை வகித்தவர் துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ். மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த சியாமளாவின் மகள். டிரம்பிடம் தோற்றவரும் அவர்தான்.

மாநிலம் மாநிலமாகச் சான்றிதழ் வாசிக்கப்பட்டது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. டிரம்புக்கு 312, தனக்கு 226 என்று கமலா ஹாரிஸ் தன் வாயாலேயே அறிவித்தார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

நாலு ஆண்டுகளுக்கு முன் சிப்பந்திகள் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தப் பெட்டிகளை அன்று யாரும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை.