தாத்தாவுக்கு இல்லாத கண்ணாடி பேரனுக்கு ஏன்?

பிறந்து வளர்ந்தது மூணாறு எஸ்டேட் லயத்தில். இப்போது கொழிஞ்சாம்பாறையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பாலக்காட்டு எல்லைக் கிராமத்துத் தாய்மார் கேட்பார்கள்: “ஏனுங்ணா, எங்க ஊட்டுல ஒருத்தருமே கண்ணாடி போட்டதில்லீங்க. இவனுக்கு மட்டும் எப்படிங்க மைனஸ் ரெண்டு?” இடுக்கி மலைச் சொந்தங்கள் சொல்வது வேறு: “எனக்கும் பவர், அவருக்கும் பவர். புள்ளைக்கு வராமலா இருக்கும்?” இரண்டிலும் பாதி உண்மைதான்.

கிட்டப்பார்வை பெரும்பாலும் நீளக் கணக்கு. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 24. அதற்கு மேலும் நீண்டுகொண்டே போனால், தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடும், கரும்பலகை மங்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறத்தாழ இரண்டரை பவர் ஏறும். கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும். நீண்ட கண்ணைக் குறுக்காது.

இந்த நீளத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்குண்டு. ஆனால், ‘கண்ணாடி மரபணு’ என்று தனியாக ஒன்று கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், பார்வைக் குறைபாட்டோடு தொடர்புள்ள 400-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் தெரியவந்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அவற்றில் பல, விழித்திரை வெளிச்சத்தை உணர்ந்து செய்தி அனுப்பும் வேலையோடு சம்பந்தப்பட்டவை.

வெயில் இங்கேதான் உள்ளே வருகிறது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் 6, 7 வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்ட 2008 ஆய்வைப் பாருங்கள். பெற்றோரின் கிட்டப்பார்வை இரு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பிள்ளைகளிடமோ சிங்கப்பூரில் 29 சதவீதம், சிட்னியில் 3. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம். பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரந்து, கண் நீளும் வேகத்துக்குக் கடிவாளம் போடுகிறது என்பதே இதற்கு முக்கிய விளக்கம்.

ஆடு மேய்த்து வளர்ந்த தாத்தாவிடமும் இந்த மரபணுக்களில் சில இருந்திருக்கலாம். அவை தலைதூக்க வெயில் விடவில்லை. பேரன் பள்ளி விட்டதும் டியூஷன், டியூஷன் விட்டதும் மொபைல். தாய், தகப்பன் இருவருக்கும் பவர் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் அது தலையெழுத்து அல்ல.

“மலையில் எப்போதும் மூடுபனியாச்சே” என்பார்கள். மேகம் மூடிய பகலிலும் வெளியே உள்ள வெளிச்சம் வகுப்பறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு.

ஆகவே பெற்றோரே, பிள்ளையைத் தினம் இரண்டு மணி நேரம் பகலில் வெளியே விளையாட விடுங்கள். ஆண்டுக்கொரு முறை கண்ணைச் சோதியுங்கள். தேனியிலும் கோவையிலும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பவர் வேகமாக ஏறினால், குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்த கண்ணாடியைப் பிள்ளை போடட்டும். போட்டால் பவர் ஏறும் என்பது வெறும் பயம்.