புகைக்காத எனக்கு வந்த நோய்

“உங்கட வீட்டில ஆர் பிள்ளை சுருட்டுப் பத்தினது?”

எனக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று அறிந்தவர்களில் பலர் கேட்ட முதற் கேள்வி இதுதான். நான் வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை. அப்பாவும் பற்றியதில்லை. ஆயினும் ஒவ்வொரு தடவையும் செய்யாத குற்றத்துக்குச் சாட்சி சொல்பவளைப் போலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வன்னியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுடன் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். நோயும் சமூகக் களங்கமும் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தக் களங்கம் நம்மீது விழும்போது எப்படியிருக்கும் என்பதை எனது 35ஆவது வயதில்தான் அறிந்துகொண்டேன்.

இருமலில் போன மாதங்கள்

2023ஆம் ஆண்டு தை மாதம் வறட்டு இருமல் தொடங்கியது. களப்பணிக்காகக் கிரவல் வீதிகளில் மோட்டார் சைக்கிளில் திரிபவள் என்பதால் தூசியாக்கும் என்று விட்டுவிட்டேன். முதலில் காட்டிய இடத்தில் முட்டு என்று பம்ப் தந்தார்கள். பிறகு சளியைச் சோதித்தார்கள். காசநோய் இல்லை என்று முடிவு வந்தது. அத்துடன் எல்லோருக்கும் நிம்மதி, எனக்குந்தான். புகைக்காத ஒரு பெண்ணுக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடி மாதம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. நெஞ்சைப் படம் பிடித்தபோது வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. அந்த நீரில் புற்றுநோய்க் கலங்கள் இருந்தன. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. நான்காம் நிலை. “இதை முற்றாக மாற்ற முடியாது. ஆனால் கட்டுப்படுத்தி வைக்கப் பார்க்கலாம்” என்றார் வைத்தியர். முதல் வசனத்துக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் அன்று என் காதில் ஏறவில்லை.

இறுகிப்போன சுவிட்ச்

இரண்டாவது வசனத்தின் பொருள் பிறகுதான் விளங்கியது. என்னிடமிருந்து எடுத்த மாதிரியைக் கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்தோம். இரண்டு மாதச் சம்பளம் அதற்கே போயிற்று. ஈ.ஜி.எப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாக முடிவு வந்தது. “இது உங்களுக்கு நல்ல செய்தி” என்றார் வைத்தியர். புற்றுநோயில் நல்ல செய்தியும் உண்டா என்று நினைத்தேன்.

கலங்களை எப்போது பெருக வேண்டும் என்று தூண்டும் சுவிட்ச் ஒன்று அவற்றின் மேற்பரப்பில் இருக்கிறது. தண்ணீர் மோட்டரின் சுவிட்ச் இறுகிப்போனால் தொட்டி நிரம்பிய பின்னும் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? அதுபோல மாற்றமடைந்த சுவிட்ச் நிற்காமல் வேலை செய்ய, கலங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. நான் எடுக்கும் ஜெபிற்றினிப் குளிசை அந்தச் சுவிட்சில் போய் ஒட்டிக்கொண்டு அதனை நிறுத்துகிறது. ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம் குளிசை ஒன்று. இதைத்தான் இலக்குச் சிகிச்சை என்கிறார்கள்.

இந்த மருந்து 2002இல் முதன்முதலாக யப்பானில் அனுமதிக்கப்பட்டது. சிலருக்கு மட்டும் வியக்கத்தக்க அளவில் கேட்டது. அவர்களில் பெண்களும் புகைக்காதவர்களும் ஆசியர்களும் அதிகமாக இருந்தார்கள். அந்த மரபணு மாற்றமே காரணம் என்பதை 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் மாற்றம் இருக்கிறதா என்று சோதிக்காமல் இந்தக் குளிசையைக் கொடுப்பதில் பயனில்லை. ஆகவேதான் அந்தப் பரிசோதனை முக்கியமானது.

ஏன் எனக்கு?

செய்த பாவம் என்றார் ஒருவர். ஷெல் புகையைச் சுவாசித்ததால் என்றார் இன்னொருவர். 2009இல் நான் இருந்த இடத்தில் புகை இல்லாத நாளே இல்லை. வைத்தியரிடம் இதைக் கேட்டேன். ஒரு தனி ஆளுக்கு இன்னதால்தான் வந்தது என்று சுட்டிக்காட்ட முடியாது என்றார்.

உலகில் நுரையீரல் புற்றுநோய் வருவோரில் ஏறத்தாழ 10 முதல் 25 வீதமானோர் ஒருபோதும் புகைத்திராதவர்கள். ஆசியப் பெண்களில் இந்தத் தொகை பாதிக்கும் மேல். மற்றவர் விடும் சிகரெட் புகை, அஸ்பெஸ்ரஸ் தூசி, மாசடைந்த காற்று ஆகியன புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. மூடிய குசினியில் எரியும் விறகின் புகையும் பெரும்பாலும் அப்படியே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. என்னுடையதைப் போன்ற மரபணு மாற்றம் பொதுவாகப் பரம்பரையாக வருவதல்ல. நோய் மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. நான் குடித்த கோப்பையைத் தனியே கழுவி வைத்த வீடுகளும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

குளிசையோடு வாழ்தல்

குளிசை தொடங்கி மூன்றாவது வாரத்தில் இருமல் நின்றது. மூன்று மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியது. மீண்டும் வேலைக்குப் போனேன். தலைமுடி கொட்டவில்லை. “உமக்கு உண்மையிலேயே கான்சரா?” என்றுகூடக் கேட்டார்கள்.

ஆனால் முகமெல்லாம் பருக்கள். கால் பெருவிரல் நகத்தோரம் வீங்கிச் சீழ் வைத்துச் செருப்புப் போட முடியவில்லை. வயிற்றோட்டம் பெரும் தொல்லை. கிளினிக்குக்குப் போகும் நீண்ட பஸ் பயணத்தில் இறங்க ஒரு மலசலகூடம் இல்லாமல் ஒரு பெண் படும் பாட்டை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இப்போது முதல் நாள் இரவே சாப்பாட்டைக் குறைத்து, வைத்தியர் தந்த வயிற்றோட்டக் குளிசையைக் கைப்பையில் வைத்துக்கொண்டே புறப்படுகிறேன். கிளினிக்கில் மருந்து இல்லாத மாதங்களில் வெளியே வாங்க வேண்டும். அதற்காகச் சீட்டுக் கட்டுகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் குளிசை ஒருநாள் கேளாமற்போகும். இதே வகைக் குளிசைகளை எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு ஏறத்தாழ 10 மாதங்களில் நோய் மீண்டும் வளரத் தொடங்கியதாக ஓர் ஆய்வு காட்டியது. ஒசிமேற்றினிப் என்ற புதிய குளிசையில் அது ஏறத்தாழ 19 மாதங்கள். ஆனால் அதன் விலை எங்களுக்கு எட்டாதது. எனக்கு இப்போது 20 மாதங்கள் ஆகின்றன. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் வரும் இரவில் நித்திரை கிடையாது.

அம்மாவிடம் மறைத்தது

நான் செய்த பெரிய பிழை ஒன்று உண்டு. நான்கு மாதங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. நெஞ்சில் சளி, அதற்குத்தான் மருந்து என்று சொல்லி வைத்திருந்தேன். தம்பி 2009இல் காணாமற்போனவன். 2017இல் கிளிநொச்சியில் உறவினர்கள் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கியபோது அவனது படத்தோடு அம்மாவும் போய் இருந்தார். அவரால் இன்னொன்றையும் தாங்க முடியாது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு பின்னேரம் வேலையால் வந்தபோது என் கிளினிக் கொப்பி மேசையில் இருந்தது. அட்டையில் புற்றுநோய்ப் பிரிவு என்று தமிழில் எழுதியிருந்தது. அம்மா அழவில்லை.

“தம்பி எங்கையெண்டு எத்தினை பேரிட்டைக் கேட்டன். ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. வீட்டுக்குள்ளை நீயும் ஒளிச்சா நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது பிள்ளை?”

தெரியாமல் இருப்பதுதான் பெரிய பாரம் என்று எத்தனை பெண்களுக்கு நான் கூட்டங்களில் சொல்லியிருப்பேன்! அதே பாரத்தை என் தாயின் தலையில் ஏற்றியிருந்தேன். அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன். குளிசை கேளாமற்போகும் என்பதையும் சொன்னேன். “அப்ப என்ன செய்வினம்?” என்றார். “திரும்பச் சோதிச்சு வேற மருந்து பாப்பினம். கீமோவும் இருக்கு” என்றேன். “சரி, அடுத்த முறை நானும் வாறன்” என்றார்.

அதிலிருந்து அவர்தான் என் துணை. ஸ்கேன் நாளைக் கலண்டரில் சுழித்து வைப்பதும் அவரே. வங்கிக் கணக்கில் அவர் பெயரைச் சேர்த்தேன். காணி உறுதி எங்கே இருக்கிறது என்று காட்டினேன். இவற்றைப் பேசுவது அபசகுனம் என்று முன்பு நினைத்திருந்தேன். பேசிய பிறகு இருவருக்கும் நித்திரை வந்தது.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சளியில் இரத்தம் கண்டால், காரணமின்றி மூச்சு வாங்கினால் அல்லது உடல் மெலிந்தால் வைத்தியரிடம் போங்கள். காசநோய் இல்லை என்று வந்த பின்னும் இருமல் நிற்காவிட்டால் திரும்பவும் போய் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியானால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

இந்தக் குளிசை எடுப்பவர்கள் காஸ்ரிக் குளிசையைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது. சில வகைகள் மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். புதிதாக மூச்சுத் திணறல் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முன்பு வடக்கிலிருந்து பலர் மகரகம வரை போய்வர வேண்டியிருந்தது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி சேர்த்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையைக் கட்டினார்கள். தூரத்துக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

குசினியில் புகை வெளியேற வழி வையுங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற்றை உலர்ந்தபடியே அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம்.

அயலில் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் வந்தால், வீட்டில் யார் புகைத்தது என்று கேட்காதீர்கள். அடுத்த கிளினிக்குக்கு அவளோடு கூடப் போக ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மூன்று பேர். மூவரும் எங்கள் பெண்கள் குழுவைச் சேர்ந்தவர்கள், போரில் கணவனை இழந்தவர்கள். அம்மாவுக்கு முடியாத நாட்களில் அவர்களில் ஒருவர்தான் என்னோடு பஸ் ஏறுகிறார்.