கிட்டங்கித் தரை வேர்ப்பது ஏன்?

நாஞ்சில் நாடு இரு பருவமழையையும் பெறும் நாடு. வயலுக்கு இது வளம். கிட்டங்கிக்கும் நூல் அறைக்கும் இதுவே சோதனை. நாலைந்து நாள் மழை பெய்து ஓய்ந்தபின், வெயில் அடிக்கும் பகலில், உள்ளே காற்றுப் படட்டும் என்று கிட்டங்கிக் கதவைத் திறந்து வைக்கிறோம். சிறிது நேரத்தில் சிமெண்டுத் தரை நீர் தெளித்தாற்போல் நனைந்துவிடுகிறது. அடிமூட்டைகள் ஈரமாகின்றன, சில நாளில் நெல்லில் பூசண வாடை வீசுகிறது. தரை போட்ட கொத்தனாரைக் குறை கூறுவோரும், காவற்காரர்மேல் பழி சுமத்துவோரும் அப்போது உண்டு. தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்ற பேச்சும் எழுகிறது. அந்நீர் எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் சங்கப் பணத்தைச் செலவிடுதல் முறையன்று.

நீர் வரும் வழி

குளிர்ந்த மோர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாக நிற்பதை யாவரும் கண்டிருப்போம். மோர் செம்பைத் துளைத்துக்கொண்டு வெளிவரவில்லை. சுற்றிலுமுள்ள காற்றில் கண்ணுக்குப் புலப்படாமல் கலந்திருந்த நீராவியே குளிர்ந்த செம்பைத் தொட்டு நீராயிற்று.

காற்று சூடாக இருக்கையில் மிகுதியான நீராவியைத் தாங்கும். குளிரக் குளிரத் தாங்கும் அளவு குறையும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி தங்க இயலும். 25 டிகிரியில் 23 கிராம் அளவே தங்கும். மழை விட்டு வெயில் அடிக்கும் பகலில், 30 டிகிரிக் காற்றில், தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு 80 பங்கு ஈரம் இருப்பதாகக் கொள்வோம். அதாவது 24 கிராம். அக்காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நிறைந்துவிடும்; அதற்குக் கீழே குளிர்ந்தால் மிஞ்சிய ஈரம் நீராகப் படியும். இவ்வெல்லையையே பனிநிலை என்பர். மழைநாட்களில் குளிர்ந்து 25 டிகிரியில் கிடக்கும் தரைமேல் அக்காற்றை நாமே கதவு திறந்து அழைத்தால், தரை வேர்ப்பதில் வியப்பென்ன?

பனி வானிலிருந்து விழுகிறதா, மண்ணிலிருந்து எழுகிறதா என்பது நெடுங்கால வழக்கு. இலண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், கம்பளி மயிரைச் சிறு சிறு பொதிகளாக இரவில் வெளியே வைத்து, விடியலில் நிறுத்துப் பார்த்து ஆராய்ந்தார். தெளிந்த வானத்தின்கீழ் பொருள்கள் தம் வெப்பத்தை இழந்து, சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. அதனால் காற்றின் ஈரம் அவற்றின்மேல் படிகிறது என்று 1814-இல் நூலாக எழுதி வெளியிட்டார். நம் தகரக் கூரையில் நிகழ்வதும் இதுவே. மாசியை ஒட்டிய கும்பப்பூ அறுவடைக் காலத்தில், மேகமற்ற இரவில் தகரம் மிகவும் குளிர்கிறது. நெல்லிலிருந்து எழும் ஈரம் அதன் உட்புறத்தில் படிந்து, மூட்டைகள்மேல் சொட்டுகிறது. கூரையில் ஓட்டை தேடி ஏணி வைப்பதால் பயனில்லை.

இரு எளிய சோதனைகள்

ஒரு சதுர அடிப் பாலிதீன் தாளைக் காய்ந்த தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் ஒட்டி ஒரு நாள் விட்டுவைக்க. தாளின் அடிப்புறம் நனைந்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. தரையைச் செப்பனிடல் வேண்டும். மேற்புறம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். கொத்து வேலையால் தீராது.

கதவைத் திறக்கலாமா என்பதை அறிய மற்றொன்று. மூடியுள்ள பித்தளைச் செம்பில் நீர் நிரப்பி, இரவு முழுதும் கிட்டங்கித் தரையில் வைக்க. அது தரையின் குளிர்ச்சியை அடைந்துவிடும். மறுநாள் அதனைத் துடைத்து வெளியே நிழலில் வைத்துச் சற்றுப் பார்க்க. செம்பின்மேல் ஈரம் படர்ந்தால், அக்காற்று தரைமேலும் படியும்; கதவு மூடியே இருக்கட்டும். செம்பு உலர்ந்தே இருந்தால் தாராளமாகத் திறக்கலாம்.

நெல்லுக்கு

வெயிலில் உலர்த்திய நெல்லைச் சூட்டோடு மூட்டை கட்டலாகாது. உள்ளிருக்கும் வெப்பம் ஈரத்தை வெளிப்புறத்துக்குத் தள்ள, குளிர்ந்த சாக்கின் ஓரத்தில் அது நீராகிறது. நிழலில் ஆறவிட்டே கட்டுதல் வேண்டும். அரசுக் கொள்முதலுக்கு 17 விழுக்காடு ஈரம் எல்லையென்றால், இருப்பு வைப்பதற்கு 14 விழுக்காட்டை மிஞ்சலாகாது. விதைநெல்லுக்கு 13 விழுக்காடே எல்லை. மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்கி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தல் நலம். நம் முன்னோர் பத்தாயத்தை மரப்பலகையால் செய்து, கால் கொடுத்து உயர்த்தி வைத்ததன் பொருத்தம் இப்போது விளங்கும். மரம் சிமெண்டையும் தகரத்தையும் போல் விரைவில் குளிர்வதில்லை.

நூலுக்கு

வடசேரி முதலிய ஊர்களின் நெசவாளர் அறிவர்: தறியில் சற்று ஈரம் இருப்பது நன்று, இழை அறாது. ஆனால் கஞ்சி போட்ட பாவில் நீர் படிந்தால் பூசணம் அக்கஞ்சியையே உணவாகக் கொள்ளும். மழைச்சாரல் படும் சுவரோடு ஒட்டிய இரும்பு பீரோவின் முதுகு வேர்த்து, மடித்த துணியில் துருவும் கறையும் ஏறும். பீரோவை உட்சுவர்ப் பக்கம் மாற்றினால் போதும்.

மேலும் ஒன்று. பருத்தி நூல் காற்றின் ஈரத்தைத் தானே ஏற்கும் இயல்புடையது. உலர்ந்த எடை 100 கிலோவுக்கு எட்டரைக் கிலோ ஈரம் என்பது வாணிகத்தில் ஒப்புக்கொண்ட அளவு. மழைநாளில் அது மிகும். வறண்ட நாளில் குறையும். அடைமழையில் நூலை நிறுத்துக் கொடுத்து, வெயில்நாளில் துணியை நிறுத்து வாங்கினால் எடை குறைந்தே தோன்றும். அக்குறைக்கு நெசவாளரைக் கணக்குக் கேட்பது நீதியாகாது. எடையோடு அன்றைய நாளின் ஈரநிலையையும் பேரேட்டில் குறித்தல் நல்ல வழக்கம்.

நம் கிட்டங்கியில் இருப்பது பலருடைய உழைப்பு. மரச்சட்டங்களும் மூடியுள்ள ஒரு செம்பும் பெருஞ்செலவல்ல. அடுத்த மழைக்கு முன்னரே இவற்றை ஏற்பாடு செய்வோமாக.