பம்பு செட்டும் நட்சத்திர முத்திரையும்

விருத்தாசலம் தாலுக்காவில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிப் பயிரிடும் நிலச்சுவான்தார்கள், பம்பு வாங்குங்கால் விலையையும் குதிரைச் சக்தியையும் மட்டுமே விசாரிப்பது வழக்கம். அது போதாது. 2001-ஆம் வருஷத்து எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002-இல் ஏற்பட்ட மத்திய சர்க்காரின் எரிசக்தித் திறன் பணியகம், விவசாயப் பம்புகளுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை முத்திரை வகுத்திருக்கிறது. நட்சத்திரம் மிகுந்தால் மின்சாரச் செலவு குறையும்.

இதன் கணக்கு எளிது. வினாடிக்கு 10 லிட்டர் நீரை 30 மீட்டர் உயர்த்தச் சுமார் 3 கிலோவாட் சக்தி வேண்டும். நூற்றுக்கு 30 பங்கு திறனுள்ள பம்பு செட்டு இதற்கு மணிக்கு 10 யூனிட் இழுக்கும். 50 பங்கு திறனுள்ளது 6 யூனிட்டில் முடிக்கும்.

விவசாய மின்சாரம் இலவசமாயிற்றே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். ஒரே டிரான்ஸ்பார்மரில் பல பம்புகள் மிகுதியாக இழுத்தால் மின்னழுத்தம் தாழும். மோட்டார்ச் சுருள் கருகும். அதனைத் திரும்பச் சுற்றும் கூலி குடியானவர் தலையில் விழுவதோடு, அந்நாட்களில் பயிரும் வாடும்.

ஆகவே, கோடையில் நீர்மட்டத்தை அளந்து, அவ்வாழத்திற்குப் பொருந்திய பம்பையே முத்திரை பார்த்து வாங்க வேண்டும். பொருந்தாத கிணற்றில் ஐந்து நட்சத்திரமும் பயன் தராது. கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.