அடுக்களை அலமாரியைப் புதுக்குதல்

பல்லாண்டு பயின்ற நூலொன்றின் மேலட்டை கிழிந்துவிடின், அந்நூலையே எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவார் அரியர். ஏடுகள் நலமாயிருப்பின் மேலட்டையை மட்டும் மாற்றிக் கட்டுவித்துக்கொள்வதே நூலகத்தார் வழக்கம். ஆயின், அடுக்களை அலமாரியின்கண் இந்நெறியை நாம் மறந்துவிடுகின்றோம். கதவின் நிறம் மங்கியது, ஓரத்துத் தகடு பெயர்ந்தது, கைப்பிடி தளர்ந்தது என்னும் அவ்வளவிற்கே அலமாரி முழுவதையும் பெயர்த்தெறிந்து புதியது அமைக்க முற்படுகின்றோம். உடலை விடுத்து முகத்தை மட்டும் மாற்றும் முறையொன்று உண்டு. அம்முறை யாது, எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவரையொட்டி அளவொத்த பெட்டிகளை நிரல்பட அமைக்கும் இக்கால அடுக்களைக்கு முன்மாதிரியாய் நின்றது, 1926ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கட்டடக் கலைஞராகிய மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி அம்மையார் வகுத்த பிராங்க்பர்ட் அடுக்களையாகும். ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரின் புதுக் குடியிருப்புகளில் ஏறத்தாழப் பதினாயிரம் வீடுகளில் அஃது அமைக்கப்பெற்றது. இவ்வகை அலமாரி இரு கூறுடையது. பாத்திரங்களின் பாரத்தைத் தாங்கி நிற்கும் பெட்டி ஒரு கூறு. கதவும் இழுப்பறைகளின் முன்பலகையும் சேர்ந்த முகப்பு மற்றொரு கூறு. ஈரக்கையும் எண்ணெய்ப்புகையும் நாடோறும் தாக்குவது பெரும்பாலும் முகப்பையே. ஆதலின், பெட்டி உறுதியாய் நிற்கும்போதே முகப்பு மூப்படைந்துவிடுகின்றது. மூத்த அம்முகப்பை மட்டும் களைந்து புதியது பொருத்துதலே முகப்புப் புதுக்கல் எனப்படும்.

ஒரு பலகையின்மேல் மெல்லிய மற்றொன்றை ஒட்டுதல் போலித்தொழில் என்று இகழ்வார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. 1922இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையிற் கிடைத்த மரப்பொருள்களிலேயே கருங்காலியும் தந்தமும் மென்தகடுகளாக ஒட்டப்பட்டிருந்தன. நம் காலத்தில் மிகுதியும் வழங்குவது, பிசினூட்டிய தாள்களை அடுக்கி வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கிச் செய்யும் லேமினேட் தகடாகும். இதனை நம்மவர் 'மைக்கா' என்பர். மைக்கா என்பது அப்பிரகம் என்னும் கனிப்பொருள். இத்தகட்டிலோ அஃது இல்லை. மின்கருவிகளில் அப்பிரகத்திற்கு ஈடாக வழங்கும்பொருட்டு 1913இல் அமெரிக்க நாட்டுச் சின்சினாட்டி நகரில் தொடங்கிய நிறுவனம், 'மைக்காவுக்கு மாற்று' என்னும் பொருள்பட 'பார்மிக்கா' எனத் தன் தகட்டிற்குப் பெயரிட்டது. மாற்றாக வந்த பொருளுக்கு மூலத்தின் பெயரையே நம்மவர் சூட்டியமை சொல்லாராய்ச்சி விழைவார்க்கு இன்பந் தருவதொன்று.

இனி, முதற்கண் செய்யற்பாலது பெட்டியின் நலத்தைச் சோதித்தலாம். அலமாரியை முற்றும் வெறிதாக்கி, விளக்கொன்றைக் கைக்கொண்டு உட்புறத்தை நோக்குக. கை கழுவும் தொட்டியின் அடியிலுள்ள பலகையையே முதலிற் காண்க. நீர் கசிந்து கெடுவது பெரும்பாலும் அவ்விடமே. திருப்புளியின் நுனியால் அழுத்துங்கால் பலகை உள்வாங்குமாயின் அஃது உளுத்தது என்றறிக. மரத்துகளைப் பசையாற் பிணைத்துச் செய்த பலகை ஈரத்தால் ஒருமுறை ஊதிப் பருத்ததாயின், உலர்ந்த பின்னும் பழைய வடிவிற்கு மீளாது. அதன்கண் திருகாணியும் பிடித்து நில்லாது. நீர் தாங்கும் பசையிட்ட ஒட்டுப்பலகையோ நெடுங்காலம் உழைக்கும். கறையானின் மண்தடம் உண்டா என்று மூலைகளைத் தடவிக் காண்க. பின்னர், பெட்டியின் முன்வாயில் மூலைக்கு மூலை குறுக்கே இருபுறமும் அளந்து பார்க்க. ஈரளவும் ஒத்திருப்பின் பெட்டி கோணாது நிற்கின்றது. ஒவ்வாவிடின் புதுக்கதவும் கோணியே தொங்கும். இச்சோதனைகளில் தேறிய பெட்டிக்கே புதுமுகம் தகும்.

முகப்பைப் புதுக்கும் வழிகள் இரண்டு. பழைய கதவுப் பலகை உறுதியாயிருப்பின் அதன்மேற் புதுத்தகடு ஒட்டலாம். அன்றேல், பெட்டியை வைத்துக்கொண்டு கதவுகளை மட்டும் புதியனவாகச் செய்விக்கலாம். அமெரிக்க நாட்டு அலமாரிகள் பலவற்றில் பெட்டியின் முன்னே மரச்சட்டம் ஒன்று உண்டு. ஆங்கு அச்சட்டத்திற்கும் கதவின் நிறத்திற்கேற்ற மென்தகடு ஒட்டுவர். சட்டமில்லாப் பெட்டிகளிற் கதவே முன்புறம் முழுவதையும் மறைத்தலின், வெளித்தோன்றும் பக்கப்பலகைகளுக்கும் ஓரங்களுக்கும் மட்டும் தகடு வேண்டப்படும்.

தகடு ஒட்டுதற்கண் அழகினும் தூய்மையே முற்பட வேண்டுவது. எண்ணெய்ப் பிசுக்கின்மேற் பசை பற்றாது. ஆகலின், சவர்க்கார நீரால் நன்கு துடைத்து, உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். ரப்பர் பசையாயின் பலகை, தகடு ஆகிய இரண்டிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வருங்காறும் பொறுத்துப் பின் பொருத்துவர். ஒருமுறை பற்றியபின் நகர்த்தல் அரிது. கதவின் ஒருபுறம் மட்டும் தகடிட்டால் இருபுறமும் ஈரத்தை ஒப்ப ஏலாது கதவு வளையும்; ஆதலின் உட்புறத்தும் தகடு வேண்டும். ஓரங்களைப் பட்டையிட்டு மூடாவிடின் நீர் அவ்வழியே நுழைந்து அனைத்தையும் கெடுக்கும். திருகாணித் துளை தளர்ந்திருப்பின், பசையிட்ட மரமுளையை அடித்து அதன்மேற் புதுத்துளை இடுதல் நன்று.

தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் அலமாரியின் உடல் மரமேயன்று. கடப்பைக் கற்பலகைகளை நிறுத்தியும் கிடத்தியும் அறைகளாக்கி, முன்னே சட்டமும் கதவும் பொருத்துவர். கல் நீரால் ஊதாது. கறையான் அதனை அரியாது. இத்தகைய வீட்டில் கதவு கெட்டமைக்காகக் கல்லைப் பெயர்ப்பது வீண்செலவு. சட்டமும் கதவும் மாற்றிய அளவில் அடுக்களை புத்துரு எய்தும்.

இம்முறையால் விளையும் நன்மை பணத்தளவில் நில்லாது. பலகைகளைப் பிணைக்கும் பசைகள் பலவற்றில் பார்மால்டிஹைடு உண்டு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் இதனை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் ஒன்றாக வகுத்தது. புதுப்பலகையில் இதன் ஆவி மிகுதியாய் எழும், நாட்செல்லக் குறையும். பழைய பெட்டியைக் காத்துக்கொள்வோர் புதுப்பலகையின் அளவைக் குறைப்பதால் இவ்வாவியையும் குறைத்தவராவர். பசையும் பிசினும் கலந்த பழம்பலகையை அடுப்பெரிக்கவும் ஆகாது. அதன் புகை நஞ்சாம். அன்றியும், அடுக்களை பல நாள் அடைபட்டு வீட்டார் உணவிற்கு இடர்ப்படும் நிலையும் பெரிதும் நீங்கும்.

எனினும், இம்முறை எல்லா நோய்க்கும் மருந்தன்று. அடுப்பின் இடமும் தொட்டியின் இடமும் வேலை செய்வார்க்கு ஒவ்வாதனவாயின், முகப்பை மாற்றுவதால் அக்குறை தீராது. விலையுயர்ந்த மரத்தாற் கதவுகள் அனைத்தும் செய்விக்க விழைவார்க்குச் செலவு புத்தலமாரியின் செலவை நெருங்குதலும் கூடும். உளுத்த பெட்டிக்குப் புதுக்கதவிடுதலோ, இட்ட பொருளையும் இழப்பதற்கு வழியாம். விற்பார் புதியதையே புகழ்வர். அஃது அவர் தொழில். சோதித்துத் தெளிதல் வீட்டார் கடமை. ஆதலின், கதவின் புறத்தைக் கண்டு முடிவு செய்யாது, கதவைத் திறந்து உள்ளே கண்டு முடிவு செய்க.