மகள் துப்பாக்கி கேட்கிறாளா?

மெரினா கடற்கரையிலும் கோயில் கொடையிலும் பலூன் சுடாத தமிழர் உண்டா? தட்டியில் வரிசையாகப் பலூன் கட்டியிருப்பார்கள். காசைக் கொடுத்தால் கடைக்காரர் துப்பாக்கியின் குழாயை மடக்கி, ஒரு குண்டைச் செருகி, நிமிர்த்திக் கையில் கொடுப்பார். பத்துக்கு ஆறு பட்டால் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் பெருமை. தவறிய நான்குக்கும், "குறியை வளைத்து வைத்திருக்கிறான்" என்று கடைக்காரர் மேல் பழி!

அதே ஏர் துப்பாக்கியின் உயர்ந்த ஜாதிதான் ஒலிம்பிக் பந்தயத்தில் இடம்பெறும் 10 மீட்டர் ஏர் ரைபிள். 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வாங்கியது இதில்தான். 2012ல் லண்டனில் வெண்கலம் பெற்ற ககன் நரங், பிறந்தது சென்னையில். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019ல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். வெளி மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண் அவர்.

டெலிவிஷனில் இதையெல்லாம் பார்க்கும் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

ஆண்டாப்ஹில்லிலோ செம்பூரிலோ ஒரு குமாஸ்தா வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெண் ஒன்பதாவது படிக்கிறாள். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக ஆரம்பிக்கிறாள்.

"அப்பா, எனக்கு ஒரு ரைபிள் வாங்கித் தருவீங்களா?"

"அது என்ன வெலைன்னு தெரியுமாளா?"

தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. மறுநாள் ஆபீஸில் விசாரிக்கிறார். ஒருவர் ஏழாயிரம் என்கிறார், இன்னொருவர் மூன்று லட்சம் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்! சொசைட்டி லோன் போடலாமா, பி.எஃப்.பில் கை வைக்கலாமா என்று அவர் யோசிக்கத் தொடங்குகிறார். இந்த இடத்தில்தான் பல தகப்பனார்கள் சறுக்குகிறார்கள்.

முதலில் கடைக்குப் போகக் கூடாது. சுடும் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

வொர்லி கடலோரத்தில்

பம்பாய் என்று நம்மவர்கள் இன்றும் சொல்லும் மும்பையில், வொர்லி கடலோரத்தில் மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தின் சுடுதளம் இருக்கிறது. டெல்லித் தமிழர்களுக்குத் துக்ளகாபாத்தில் டாக்டர் கர்ணி சிங் சுடுதளம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டது அது. இவை தவிரத் தனியார் பயிற்சி நிலையங்களும் பெருகிவிட்டன. 10 மீட்டர் நீள இடம் இருந்தால் போதும் அல்லவா? ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி அறையில்கூட நடத்திவிடலாம்.

பெரும்பாலான பயிற்சி நிலையங்களில் புதிதாக வருகிறவர்களுக்கு நிலையத்தின் துப்பாக்கியே கொடுக்கப்படும். மாதச் சந்தாவும் குண்டுச் செலவும்தான். ஆறு மாதமாவது அந்தத் துப்பாக்கியிலேயே பழகட்டும். ஆறு மாதத்தில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். பிள்ளைக்கு இதில் உண்மையாக ஆசை இருக்கிறதா என்பது ஒன்று. அவள் உடம்புக்கு எந்த அளவுத் துப்பாக்கி சரிப்படும் என்பது மற்றொன்று.

ஆசை விஷயம் லேசானது அல்ல. சினிமாவில் வருவதுபோல் 'டுமீல் டுமீல்' என்று சுடும் விளையாட்டு இல்லை இது. கனமான கோட்டு மாட்டிக்கொண்டு, நின்றபடி, ஒன்றே கால் மணி நேரத்துக்குள் 60 குண்டு சுட வேண்டும். குறி அட்டையின் நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். பேனா முனை வைத்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்! ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சை அடக்கி, உடம்பை அசையாமல் நிறுத்த வேண்டும். சில பிள்ளைகளுக்கு மூன்றாவது வாரமே அலுத்துவிடும். லோன் போட்ட பிறகு அலுத்தால் என்ன செய்வது?

காசே இல்லாமல் தொடங்கவும் ஒரு வழி உண்டு. அது என்.சி.சி. 2000ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றுவரை சென்ற அஞ்சலி பாக்வத், மும்பைக் கல்லூரியில் என்.சி.சி. மாணவியாக இருந்துதான் துப்பாக்கி பிடித்தார். பிள்ளையின் பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம்.

ஏழாயிரமும் மூன்று லட்சமும்

சரி, ஆறு மாதம் ஆயிற்று. பிள்ளை ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. பயிற்சியாளரும் "சொந்தத் துப்பாக்கி வாங்கலாம்" என்கிறார். எதை வாங்குவது?

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது ஸ்பிரிங் துப்பாக்கி. பலூன் கடைத் துப்பாக்கியின் தம்பி. உள்ளே ஒரு வலுவான ஸ்பிரிங். குழாயை மடக்கும்போது அது சுருங்கும். விசையை இழுத்ததும் விடுபட்டு, ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை அமுக்கும், காற்று குண்டைத் தள்ளும். குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி முன்னும் பின்னும் உதறிவிடுகிறது. சுடுகிறவர் சரியாகப் பிடித்தாரா, துப்பாக்கி உதறியதா என்று கண்டுபிடிப்பது புதியவருக்குக் கஷ்டம். குண்டு இல்லாமல் விசையை இழுத்துப் பழகவும் இதில் முடியாது. பிஸ்டன் முட்டி உள்ளே சேதமாகும்.

லட்சங்களில் விலை சொல்லப்படுவது அமுக்கிய காற்றுத் துப்பாக்கி. குழாய்க்குக் கீழே ஒரு சிறு சிலிண்டர். அதில் 200 பார் அளவு காற்றை அடைக்கிறார்கள். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தம். ஒவ்வொரு முறை சுடும்போதும் அளந்து வைத்ததுபோல் கொஞ்சம் காற்று வெளிவரும். உதறல் அநேகமாக இல்லை. விசை விரல் பட்டதும் விடுபடும் அளவுக்கு மெல்லியது. குண்டு போடாமலே பழகும் வசதியும் உண்டு. ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆகியவை போட்டிகளில் அதிகம் காணப்படும் பெயர்கள்.

இவை இரண்டுக்கும் இடையில், இந்தியாவிலேயே செய்யப்படும் காற்றுச் சிலிண்டர் துப்பாக்கிகளும் இப்போது கிடைக்கின்றன. அயல்நாட்டுத் துப்பாக்கியின் விலையில் ஒரு பங்குதான். தேசிய ரைபிள் சங்கம் நடத்தும் போட்டிகளில் 'என்.ஆர்.' என்று புதியவர்களுக்கு ஏற்ற பிரிவு தனியாக உண்டு. சர்வதேச விதிப்படி நடக்கும் பிரிவு வேறு. முதலாவதில் கால் வைக்கிறவருக்கு உள்நாட்டுச் சரக்கு தாராளமாகப் போதும்.

கடைக்காரர் "ஆயிரம் அடி வேகம் சார்" என்று பெருமை பேசினால் மயங்க வேண்டாம். ஒலிம்பிக் துப்பாக்கியின் குண்டு வினாடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. அதாவது 600 அடிக்கும் குறைவு. காகிதத்தைத் துளைக்க அதற்கு மேல் எதற்கு? அதேபோல் மேலே டெலஸ்கோப் பொருத்திய துப்பாக்கியும் பார்க்க ஜோராக இருக்கும். இந்தப் போட்டியில் அதற்கு அனுமதியே கிடையாது. பின்னால் ஒரு சிறு துவாரம், முன்னால் ஒரு வளையம். துவாரத்தின் வழியே பார்த்து வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் கருவி.

உடம்புக்கு ஏற்ற துப்பாக்கி

செருப்பு வாங்கும்போது காலை வைத்துப் பார்க்கிறோம். துப்பாக்கிக்குத் தோளை வைத்துப் பார்க்க வேண்டாமா?

துப்பாக்கியின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. அதற்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தால் இடுப்பும் முதுகும்தான் வலிக்கும். சிறுவர்களுக்கென்று எடை குறைந்த, கட்டை குட்டையான மாடல்கள் உண்டு. கட்டையைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தால் கண் தானாகவே பின்குறியின் துவாரத்துக்கு நேராக வர வேண்டும். கழுத்தை நீட்டியோ வளைத்தோ தேடக் கூடாது. விரல் சிரமமில்லாமல் விசையில் படிய வேண்டும். வளரும் பிள்ளையானால், கன்னக் கட்டையையும் தோள் தகட்டையும் நகர்த்தி வைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூட யூனிபாரம்போல் சிறுத்துவிடும்!

கண்ணையும் சோதிக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது கண்ணை மூடினாலும் கடிகாரம் தெரிகிறதா? வலது கண்தான் ஓங்கிய கண். வலது கண்ணை மூடினாலும் தெரிந்தால் இடது. வலது கைப் பழக்கமுள்ள சிலருக்கு இடது கண் ஓங்கியிருக்கும். எந்தப் பக்கத்துத் துப்பாக்கி என்று பயிற்சியாளர் தீர்மானிக்கும் முன் பணம் கட்டிவிடாதீர்கள். கண்ணாடி போட்ட பிள்ளைகள் கவலைப்பட வேண்டியதில்லை. கண்ணாடியோடு சுடலாம்.

பழைய துப்பாக்கி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே நல்ல வழி. மேல் மாடலுக்கு மாறுகிறவர்கள் தங்கள் பழையதைப் பயிற்சி நிலையத்திலேயே விற்பார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரை. அதன்மேல் தேதி பொறித்திருக்கும். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. புதுச் சிலிண்டர் தனிச் செலவு. அதைக் கணக்கில் வைத்து விலை பேச வேண்டும். துப்பாக்கியை மேஜையில் தாங்கி வைத்துப் பயிற்சியாளரைப் பத்துக் குண்டு சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துளைகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் குழாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

துப்பாக்கியோடு செலவு முடிவதில்லை. கையுறை, காலணி, விறைப்பான கோட்டு, கால்சட்டை எல்லாம் வேண்டும். கோட்டை உடனே வாங்க அவசரமில்லை. முதலில் கையுறையும் காலணியும் போதும். குண்டு ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

லைசென்ஸ் வேண்டுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 2016ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழாயின் உள் அளவு 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ, சக்தி 20 ஜூலுக்கு மேலோ இருந்தால்தான் ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ். போட்டி ஏர் ரைபிள் சரியாக 4.5 மில்லிமீட்டர். சக்தி ஏறக்குறைய 8 ஜூல்தான். ஆகவே லைசென்ஸ் வேண்டாம். .22 ரைபிள் வேறு விஷயம். அதற்குக் கட்டாயம் வேண்டும். 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் போட்டியில் வெண்கலம் வென்ற கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலேயின் கையில் இருந்தது அந்த ரகம். அவர் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர்!

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக ஜன்னலில் நின்று காக்கை, புறாவைச் சுடும் வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. 4.5 மில்லிமீட்டர் குண்டு ஒருவர் கண்ணைப் பறிக்கப் போதும். ஒற்றை அறை வீட்டில் அண்டை அயல் பிள்ளைகள் உள்ளும் புறமும் ஓடிக்கொண்டிருப்பார்கள். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அப்பாவோ அம்மாவோ வைத்துக்கொள்ள வேண்டும். குண்டு டப்பா வேறு இடத்தில்.

லோக்கல் ரயிலில் அந்த நீளப் பெட்டியோடு ஏறினால் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்கத்தான் கேட்பார். வாங்கிய பில்லின் நகலும் பயிற்சி நிலையத்தின் அடையாள அட்டையும் எப்போதும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.