பாத்திரச் சமநிலை (பாத்திரமேற்புக் கதை)

பாத்திரச் சமநிலை என்பது, பலர் ஒன்றுசேர்ந்து இணையத்தில் எழுதும் பாத்திரமேற்புக் கதைகளில், ஒவ்வொரு பாத்திரத்தின் ஆற்றலும் குறைபாடும் கதையில் அதற்குரிய இடமும் மற்றப் பாத்திரங்களோடு பொருந்துமாறு அமைப்பதைக் குறிக்கும். இத்தகைய கதைகளில் ஒவ்வொரு பங்கேற்பாளரும் தமக்கென ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதன் பேச்சையும் செயலையும் மட்டும் எழுதுகிறார். அதற்கு மறுமொழியாக அடுத்த பகுதியை மற்றொருவர் எழுதுகிறார். முழுக் கதையும் எவர் ஒருவரின் கையிலும் இல்லை. எனவே ஒரு பாத்திரம் அளவுக்கு மீறிய ஆற்றல் பெறுமானால், மற்றவர்கள் எழுதுவதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. கதை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது.

தனியொருவர் எழுதும் கதைக்கும் கூட்டுக் கதைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு ஒப்புமையற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என இலக்கணம் கூறுகிறது. கூட்டுக் கதையிலோ பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் தத்தம் பாத்திரமே தலைமைப் பாத்திரம் ஆகும். ஆறு பேர் எழுதும் கதையில் ஆறு தலைவர்கள் இருப்பர். அவர்களுள் ஒருவர் ஒப்புமையற்றவராகிவிட்டால் ஏனைய ஐவரும் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவர்.

வரலாறு

பாத்திரமேற்புக் கதைகளின் வேர் மேசை விளையாட்டுகளில் உள்ளது. அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரே ஒரு பாத்திரத்தை ஏற்று, நடுவர் விவரிக்கும் உலகில் அதனை இயக்குவது இவ்விளையாட்டின் முறை.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா 1978 இல் மட் என்னும் பல்பயனர் கணினி விளையாட்டை எழுதத் தொடங்கினார். பின்னர் ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தெடுத்தார். இதில் உலகமும் நிகழ்வுகளும் முழுக்க முழுக்க எழுத்திலேயே அமைந்திருந்தன. 1989 இல் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் உருவாக்கிய டைனிமட், சண்டையையும் புள்ளி சேர்ப்பதையும் விடப் பயனர்களின் உரையாடலுக்கும் அவர்கள் தாமே இடங்களைக் கட்டியெழுப்புவதற்கும் இடமளித்தது. கணினி நிரல் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்காத இத்தகைய சூழல்களில், யார் எதைச் செய்ய முடியும் என்பதைப் பங்கேற்பாளர்களே தமக்குள் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. பாத்திரச் சமநிலை பற்றிய எழுதப்படாத பல வழக்கங்கள் இத்தேவையிலிருந்து பிறந்தவையே.

எண்வழிச் சமநிலை

விதிகள் உள்ள விளையாட்டுகளில் பாத்திரத்தின் ஆற்றல் எண்களால் அளக்கப்படுகிறது. இதற்குப் பல முறைகள் உண்டு.

பகடை முறை: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்சின் 1974 ஆம் ஆண்டுப் பதிப்பில் வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், கவர்ச்சி என ஆறு பண்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகள் உருட்டப்பட்டன. ஆகவே மிகக் குறைந்த மதிப்பு 3, மிகக் கூடிய மதிப்பு 18. மூன்று பகடைகள் 216 விதங்களில் விழக்கூடும். அவற்றுள் 18 ஒரே ஒரு விதத்தில் மட்டுமே கிடைக்கும். 10, 11 ஆகியவை ஒவ்வொன்றும் 27 விதங்களில் கிடைக்கும். இம்முறையில் எல்லோருக்கும் வாய்ப்பு ஒன்றே, விளைவு ஒன்றன்று. ஒருவர் மாவீரனையும் அருகிலிருப்பவர் நோயாளியையும் பெறுவதை இம்முறை தடுப்பதில்லை.

புள்ளி முறை: இதில் ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு புள்ளிகள் தரப்படுகின்றன, அவற்றைக் கொண்டு பண்புகளை விலைக்கு வாங்க வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்சின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள புள்ளி முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆறு பண்புகளும் 8 இல் தொடங்குகின்றன. செலவிட 27 புள்ளிகள் உண்டு. 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. அதன்பின் 14 க்கும் 15 க்கும் படிக்கு இரண்டு புள்ளிகள். எனவே 13 இன் விலை 5, 14 இன் விலை 7, 15 இன் விலை 9. மூன்று பண்புகளை 15 ஆக்கினால் 27 புள்ளிகளும் தீர்ந்து, மற்ற மூன்றும் 8 ஆகவே நிற்கும். அப்போது கூட்டுத்தொகை 69. மாறாக மூன்று பண்புகளை 13 ஆகவும் மூன்றை 12 ஆகவும் வாங்கினால் கூட்டுத்தொகை 75. உச்சத்துக்குச் செல்லும்போது விலை ஏறுவதால், ஒரு துறையில் சிறக்க விரும்புபவர் பிற துறைகளில் அதிகமாக இழக்கிறார்.

குறைபாட்டு முறை: 1981 இல் வெளிவந்த சாம்பியன்ஸ் விளையாட்டில், பாத்திரத்துக்குக் குறைபாடுகளைச் சேர்ப்பவர் கூடுதல் புள்ளிகளைப் பெற்றார். 1986 இல் வந்த கர்ப்ஸ் விளையாட்டும் இம்முறையைக் கையாண்டது. அதன் மூன்றாம் பதிப்பில் (1988) தொடக்க நிலை நாயகனுக்கு 100 புள்ளிகள் வழங்கப்பட்டன. குறைபாடுகள் வழியாகப் பெறக்கூடிய கூடுதல் புள்ளிகளுக்கு 40 என வரம்பு இருந்தது. வரம்பின் காரணம் தெளிவானது. வரம்பில்லாவிடில் கதையில் ஒருபோதும் தலைகாட்டாத குறைபாடுகளைப் பலர் அடுக்கிச் சேர்த்து ஆற்றலை வாங்கிக்கொள்வர். கடலே வராத கதையில் நீச்சல் தெரியாமை ஒரு குறையன்று.

ஏல முறை: ரோஜர் செலாஸ்னியின் ஆம்பர் புதினங்களை அடியொற்றி எரிக் உஜிக் வடிவமைத்து 1991 இல் வெளிவந்த விளையாட்டில் பகடையே இல்லை. ஆட்டக்காரர்கள் தலா 100 புள்ளிகளைக் கொண்டு நான்கு பண்புகளை ஒருவரோடொருவர் ஏலம் கேட்டுப் பெறுகின்றனர். எப்பண்பில் யார் முதலிடம் என்பது கதை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

கதைவழிச் சமநிலை

இணையக் கூட்டுக் கதைகள் பலவற்றில் எண்களோ பகடையோ பயன்படுத்தப்படுவதில்லை. அங்கே சமநிலை என்பது பின்வரும் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

- எல்லை: இப்பாத்திரத்தால் செய்ய இயலாதது என்ன?
- விலை: ஆற்றலைப் பயன்படுத்தும்போது அது எதை இழக்கிறது?
- தேவை: மற்றப் பாத்திரங்களின் உதவி அதற்கு எப்போது வேண்டும்?
- விருப்பம்: அது எதை நாடுகிறது? அதை அடைய முடியாமல் தடுப்பது எது?
- தவறு: அதன் மதிப்பீடு எந்த வகையில் பிழைபடக்கூடும்?

எடுத்துக்காட்டாக, தொட்ட மாத்திரத்தில் எந்நோயையும் குணப்படுத்தும் மருத்துவர் ஒருவரைக் கொள்ளலாம். அவர் இருக்கும் கதையில் காயத்துக்கும் மரணத்துக்கும் பொருளில்லை; போரில் துணிந்து இறங்கும் வீரனின் செயலும் மதிப்பிழக்கிறது. அதே மருத்துவர் ஒரு நாளில் ஒருவரை மட்டுமே குணப்படுத்த முடியும் என்றும், அந்நோயாளியின் வலியை அன்றிரவு தாமே தாங்க வேண்டும் என்றும் அமைத்தால் நிலைமை மாறுகிறது. இருவர் காயமுற்றால் யாரைத் தேர்வது என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு மற்றப் பங்கேற்பாளர்கள் மறுமொழி எழுத முடியும். வலியால் தளர்ந்த மருத்துவரைக் காக்கும் பணி இன்னொரு பாத்திரத்துக்குக் கிடைக்கிறது. ஆற்றல் குறைந்ததால் அம்மருத்துவரின் முக்கியத்துவம் குறையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

குறைபாடுகளிலும் தரவேறுபாடு உண்டு. "மிகுந்த இரக்க குணம்", "அளவு கடந்த அழகு" என்பன குறைபாடு என்ற பெயரில் எழுதப்படும் புகழுரைகள். பெற்றோரை இழந்தமை போன்ற துயர நிகழ்வுகள் பாத்திரத்தின் கடந்த காலத்தைக் கூறுகின்றனவே தவிர, தாமாகக் குறைபாடு ஆகா. அத்துயரத்தால் அப்பாத்திரம் இன்று எவரையும் நம்ப மறுத்துத் துணைவர்களை ஆபத்தில் விடுமானால், அதுவே கதையில் செயற்படும் குறைபாடு ஆகும்.

2013 இல் வெளிவந்த ஃபேட் கோர் விளையாட்டு இதனை விதியாகவே ஆக்கியது. பாத்திரத்தின் இயல்பு அதற்குத் தொல்லை விளைவிக்கும் வேளையில் அத்தொல்லையை ஏற்கும் ஆட்டக்காரருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அதனைப் பின்னர் தமக்குச் சாதகமாகச் செலவிடலாம். குறைபாட்டுக்கான ஈடு பாத்திரத்தை உருவாக்கும்போது தரப்படாமல், அக்குறைபாடு உண்மையில் பாதிக்கும்போது தரப்படுவதே இதன் சிறப்பு.

மேரி சூ

குறையே இல்லாத பாத்திரத்தைக் குறிக்க மேரி சூ என்னும் பெயர் வழங்குகிறது. ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரின் (1966–1969) ரசிகர்கள் தாங்களே எழுதிய கதைகளை ரசிகர் இதழ்களில் வெளியிட்டு வந்தனர். அவற்றில் இளம் நாயகி ஒருத்தி கப்பலில் வந்து சேர்ந்து எல்லோரையும் விஞ்சிவிடும் கதைகள் பெருகின. இதனைக் கேலி செய்து பவுலா சிமித் 1973 இல் மெனஜெரி என்ற ரசிகர் இதழில் மிகச் சிறிய நையாண்டிக் கதை ஒன்றை எழுதினார். அதன் நாயகியே பதினைந்தரை வயதான துணை அதிகாரி மேரி சூ. கப்பற்படையிலேயே மிக இளையவளான அவள் கப்பலையே திறம்பட நடத்தி, அனைவரும் கண்ணீர் சிந்த இறந்துபோகிறாள். ஆண் பாத்திரமாயின் கேரி ஸ்டூ அல்லது மார்ட்டி ஸ்டூ என்பர்.

இச்சொல் பின்னர் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ரசிகர் எழுத்துகளை ஆராய்ந்த கமீல் பேக்கன்-சிமித் 1992 இல் வெளியிட்ட நூலில், மேரி சூ என்று பழிக்கப்படுவோமோ என்ற அச்சம் பெண் எழுத்தாளர்கள் பெண் பாத்திரங்களைப் படைப்பதற்கே தடையாக இருப்பதை எடுத்துக்காட்டினார். திரைப்படங்களின் ஆண் நாயகர்களுக்கு இயல்பாக ஏற்கப்படும் திறமைகள் பெண் நாயகியிடம் காணப்பட்டால் மட்டும் இப்பெயர் சூட்டப்படுகிறது என்பது மற்றொரு கண்டனம். புதிதாக எழுத வரும் இளையோர் தம் முதற் பாத்திரத்தில் தம் ஆசைகளை ஏற்றிப் பார்ப்பது இயல்பு. அவர்களைக் கேலிப்பெயரால் விரட்டுவதைவிட, மேலே கூறிய கேள்விகளைக் கேட்டுத் திருத்த உதவுவதே கூட்டுக் கதைக்கு நன்மை தரும்.

எழுதும்போது ஏற்படும் மீறல்கள்

பாத்திரம் சமநிலையோடு அமைந்திருந்தாலும், அதனை எழுதும் முறையால் சமநிலை குலையலாம். பொதுவாகக் காணப்படும் மீறல்கள் மூன்று.

- பிறர் பாத்திரத்தை இயக்குதல்: "அவன் வாளை வீசினான், அவள் தலை குப்புற வீழ்ந்தாள்" என எழுதுபவர் பிறருக்குரிய விளைவைத் தாமே முடிவு செய்கிறார். "அவள் தோளை நோக்கி வாளை வீசினான்" என்று நிறுத்தினால், தப்புவதா காயமடைவதா என்பதை உரியவர் எழுதுவார்.
- எதற்கும் அசையாமை: தம் பாத்திரத்தின் மீது எந்த அடியும் படவிடாமல் எப்போதும் தப்பச் செய்தல்.
- எழுத்தாளரின் அறிவைப் பாத்திரத்துக்கு வழங்குதல்: வேறோர் ஊரில் நடந்த இரகசிய உரையாடலை எழுத்தாளர் படித்திருப்பார், அவர் பாத்திரம் அறிந்திருக்க வழியில்லை.

இம்மூன்றும் மற்றவரின் தேர்வுரிமையைப் பறிப்பவை. சமநிலை விதிகள் பாதுகாக்க முனைவதும் இவ்வுரிமையையே.

சமநிலையும் சமத்துவமும்

எல்லாப் பாத்திரங்களும் ஒரே அளவு வலிமை பெற்றிருக்க வேண்டும் என்பது சமநிலையின் பொருளன்று. 1987 இல் வெளிவந்த ஆர்ஸ் மேஜிக்கா விளையாட்டில் மந்திரவாதிகள் தம் துணைவர்களையும் காவலர்களையும் விடப் பன்மடங்கு வலியவர்கள். ஆனால் ஒவ்வொரு ஆட்டக்காரரும் முறை வைத்து மந்திரவாதியாகவும் துணைவராகவும் மாறி மாறி ஆடுவதால், எவரும் நிரந்தரமாகப் பின்தள்ளப்படுவதில்லை. பஃபி தொலைக்காட்சித் தொடரை ஒட்டி 2002 இல் வந்த விளையாட்டில், ஆற்றல் குறைந்த சாதாரண மனிதப் பாத்திரங்களுக்கு, நிகழ்வுகளைத் தமக்குச் சாதகமாகத் திருப்பும் புள்ளிகள் நாயகர்களைவிடக் கூடுதலாக வழங்கப்பட்டன.

இவ்விரு விளையாட்டுகளும் வலிமையைச் சமமாகப் பங்கிடவில்லை. கதையின் போக்கை மாற்றும் வாய்ப்பையே பங்கிட்டன. கோட்டையைத் தகர்க்கும் வீரனும் கோட்டையின் பின்வாசல் எங்கே என்று அறிந்த சமையற்காரனும் ஒரே கதையில் இணையாக நிற்க முடியும். சமையற்காரனின் அறிவு இல்லாமல் முடியாத கட்டம் ஒன்று கதையில் வர வேண்டும் என்பதே அதற்கு வேண்டிய நிபந்தனை. ஆகவே ஒரு பாத்திரம் சமநிலையானதா என்பதை அதன் விவரக் குறிப்பை மட்டும் படித்துக் கூறிவிட இயலாது. எந்தக் கதையில், எத்தகைய பாத்திரங்களுடன் அது சேர்கிறது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.